மருத்துவ நிலையங்களுக்குத் தரச் சான்று

நோயுற்றவர் ஒருவர் மருத்துவரை நாடும்போது, தாம் பெறும் சிகிச்சை சரியானதா என்பதை அவரால் அறிய இயலாது. கடையில் துணி வாங்குபவர் அதைத் தொட்டுப் பார்க்கிறார். நெல் வாங்குபவர் கையில் அள்ளிப் பார்க்கிறார். ஆனால் ஊசி முறையாகக் கிருமி நீக்கம் செய்யப்பட்டதா, தடுப்பு மருந்து உரிய குளிரில் வைக்கப்பட்டிருந்ததா, ஆக்சிஜன் உருளையில் வாயு இருக்கிறதா என்பவற்றை நோயாளி எவ்வாறு சோதித்தறிவார்? அவருக்காக வேறொருவர், முன்னரே, நடுநிலையோடு சோதித்திருக்க வேண்டும். மருத்துவ நிலையங்களுக்கான தரநெறிகளும் தர அங்கீகாரமும் தோன்றியதன் அடிப்படை இதுவே.

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை அடுத்து அமைந்துள்ள மண்டலத் தலைமையூர் வரதய்யபாளையம். முன்பு சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. அருகில் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் வளர்ந்துள்ளது. தெலுங்கும் தமிழும் அருகருகே வழங்கும் பகுதி இது. இத்தகைய ஊரில் வாழும் ஒரு குடும்பத்திற்கு நோய் வந்தால் பல வழிகள் உள்ளன. அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்துக்குச் செல்லலாம். தனியார் மருத்துவரிடம் செல்லலாம். திருப்பதிக்கோ சென்னைக்கோ பயணம் மேற்கொள்ளலாம். இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை இன்றளவும் பெரும்பாலும் பிறர் சொல் கேட்டே மக்கள் முடிவு செய்கின்றனர். கட்டடத்தின் தோற்றமும் கட்டணத்தின் உயர்வும்கூடத் தரத்தின் அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன.

எட்டும் தொலைவும் தரமும்

விடுதலைக்குப் பின் நம் நாட்டின் சுகாதாரத் திட்டங்கள் அனைத்தும், மருத்துவ வசதி மக்களுக்கு எட்டும் தொலைவில் இருக்க வேண்டும் என்பதையே முதல் நோக்கமாகக் கொண்டிருந்தன. 1946-இல் போர் குழு அளித்த அறிக்கை இதற்கு வித்திட்டது. சமவெளிப் பகுதிகளில் 5,000 மக்களுக்கு ஒரு துணை நிலையம், 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 1,20,000 மக்களுக்கு ஒரு சமுதாய நல மையம் என்ற அளவுகள் வகுக்கப்பட்டன. மலைப் பகுதிகளுக்கும் பழங்குடியினர் பகுதிகளுக்கும் இவ்வளவுகள் தளர்த்தப்பட்டன. 2005-இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் இவ்வமைப்பை மேலும் வலுப்படுத்தியது.

நிலையங்களின் எண்ணிக்கை பெருகியது பெரும் சாதனையே. எனினும், எண்ணிக்கை மட்டும் உயிரைக் காப்பதில்லை. 2018-இல் 'லான்செட்' ஆய்விதழின் வழி வெளியான ஆய்வு ஒன்று இதைத் தெளிவாக்கியது. தக்க சிகிச்சையால் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்களுள், இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 16 லட்சம், கிடைத்த சிகிச்சையின் தரக்குறைவால் நிகழ்பவை என அது மதிப்பிட்டது. சிகிச்சையே கிட்டாமையால் நிகழ்பவை ஏறத்தாழ 8.38 லட்சம். அதாவது, மருத்துவமனையை எட்ட முடியாமல் மாண்டவர்களைப் போல் ஏறக்குறைய இரு மடங்கினர், மருத்துவமனையை எட்டிய பின்னரும் காப்பாற்றப்படவில்லை.

இப்பகுதி மக்கள் மறக்க இயலாத நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2021 மே 10-ஆம் நாள் இரவு, திருப்பதி ரூயா அரசுப் பொது மருத்துவமனையில், கோவிட் நோயாளிகளுக்குச் சென்றுகொண்டிருந்த ஆக்சிஜனின் அழுத்தம் சில நிமிடங்கள் குறைந்தது. ஆக்சிஜன் ஏற்றி வந்த லாரி வந்து சேரத் தாமதமானதே இதற்குக் காரணம். 11 நோயாளிகள் உயிரிழந்ததாக மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. அங்கு மருத்துவர்கள் இருந்தனர், படுக்கைகள் இருந்தன, குழாய் வழிகளும் இருந்தன. நாடெங்கும் ஆக்சிஜனுக்குத் தட்டுப்பாடு நிலவிய காலம் அது என்பதும் உண்மையே. எனினும், இருப்பு எந்த அளவுக்குக் குறைந்தால் எச்சரிக்கை செய்ய வேண்டும், மாற்று ஏற்பாடு எத்தனை நிமிடத்தில் இயங்க வேண்டும், அதற்குப் பொறுப்பாளர் யார் என்ற கேள்விகளுக்கு எல்லா மருத்துவமனைகளிலும் முன்கூட்டியே விடை இருக்க வேண்டும் என்பதை அவ்விரவு உணர்த்தியது. தரநெறி என்பது இத்தகைய கேள்விகளின் தொகுப்பேயாகும்.

தரநெறியின் வரலாறு

மருத்துவமனைகளை அளந்து பார்க்கும் முயற்சி சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருப்பெற்றது. அந்நாட்டு அறுவை மருத்துவர் கல்லூரி, குறைந்தபட்சத் தரநெறி ஒன்றை ஒரே பக்கத்தில் வகுத்தது. தகுதி பெற்ற மருத்துவர்கள் ஒழுங்கான அமைப்பாக இயங்க வேண்டும். தங்கள் சிகிச்சையின் பலனைக் குறித்த காலங்களில் கூடி ஆராய வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் முழுமையான குறிப்பேடு இருக்க வேண்டும். ஆய்வுக்கூடமும் எக்ஸ்ரே வசதியும் இருக்க வேண்டும் என்பன அதன் சாரம். 100 படுக்கைகளும் அதற்கு மேலும் கொண்ட 692 மருத்துவமனைகளைச் சோதித்ததில், இந்த எளிய நெறியை நிறைவு செய்தவை 89 மட்டுமே. 1919-இல் முடிவுகள் தெரிந்தபோது, புகழ்பெற்ற மருத்துவமனைகள் பலவும் தேறாதவற்றின் பட்டியலில் இருந்தமையால், அப்பட்டியல் வெளியிடப்படாமலேயே எரிக்கப்பட்டது. எனினும் முயற்சி நிற்கவில்லை. 1951-இல் அங்கு மருத்துவமனை அங்கீகாரத்திற்கெனக் கூட்டு ஆணையம் ஒன்று நிறுவப்பட்டது.

1966-இல் அவெதிஸ் தொனபேதியன் என்ற அறிஞர், மருத்துவத் தரத்தை மூன்று கூறுகளாகப் பகுத்துக் காணும் முறையை வகுத்தார். கட்டடம், கருவி, ஊழியர் ஆகியவை அமைப்பு. செய்யும் முறை செயல். நோயாளி அடையும் நலம் விளைவு. இன்று உலகெங்கும் வழங்கும் தரநெறிகள் பெரும்பாலும் இப்பகுப்பைத் தழுவியே அமைந்துள்ளன. அமைப்பு மட்டும் இருந்து செயல் பிழைத்தால் விளைவு கிட்டாது என்பதே இதன் படிப்பினை.

மூன்று சொற்கள், மூன்று பொருள்கள்

பதிவு, அங்கீகாரம், தரச் சான்று ஆகிய மூன்றும் பொதுவழக்கில் ஒன்றாகவே கருதப்படுகின்றன. இவற்றிடையே உள்ள வேறுபாட்டை மாணவரும் அலுவலரும் அறிந்துகொள்ளுதல் நலம்.

பதிவு என்பது சட்டத்தின் கட்டளை. தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டின் சட்டமும், ஆந்திரத்தில் 2002-ஆம் ஆண்டின் சட்டமும் தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிவு செய்யவும் ஒழுங்குபடுத்தவும் இயற்றப்பட்டவை. 2010-இல் மத்திய அரசும் மருத்துவ நிலையங்கள் சட்டத்தை இயற்றியது. அது அதனை ஏற்றுக்கொண்ட மாநிலங்களுக்கே பொருந்தும். பதிவு பெறாமல் மருத்துவ நிலையம் நடத்துதல் குற்றமாகும்.

அங்கீகாரம் என்பது நிலையம் தானே முன்வந்து பெறுவது. 1997-இல் இந்தியத் தரக் குழுமம் ஏற்பட்டது. அதன் ஓர் உறுப்பாக, மருத்துவமனைகளுக்கான தேசிய அங்கீகார வாரியம் 2005-இல் தோன்றியது. ஆங்கில முதலெழுத்துகளால் 'என்.ஏ.பி.எச்.' என வழங்கும் இவ்வாரியத்தின் அங்கீகாரத்தைப் பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளே நாடுகின்றன. சிறு மருத்துவமனைகள் படிப்படியாக முன்னேறுவதற்காகத் தொடக்க நிலைச் சான்று ஒன்றையும் வாரியம் வழங்குகிறது.

மூன்றாவது, அரசு நிலையங்களுக்கான தரச் சான்று. மத்திய சுகாதார அமைச்சகம் 2013-இல் தேசியத் தர உறுதி நெறிகளை வெளியிட்டது. மாவட்ட மருத்துவமனைகளில் தொடங்கிய இத்திட்டம், பின்னர் சமுதாய நல மையங்கள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், துணை நிலையங்கள் வரை விரிவுபடுத்தப்பட்டது. எத்தனை அறைகள், எத்தனை ஊழியர்கள், என்னென்ன மருந்துகள் தேவை என்பதை இந்தியப் பொதுச் சுகாதாரத் தரநெறிகள் கூறுகின்றன. அவை 2007-இல் வகுக்கப்பட்டு, 2012-லும் 2022-லும் திருத்தப்பட்டவை. இருப்பவற்றைக் கொண்டு பணி எவ்வாறு நடைபெறுகிறது என்பதைத் தர உறுதி நெறிகள் அளக்கின்றன.

எட்டுத் துறைகள்

தேசியத் தர உறுதி நெறிகள் எட்டுத் துறைகளாக வகுக்கப்பட்டுள்ளன. அவை: அளிக்கப்படும் சேவைகள், நோயாளியின் உரிமைகள், உள்ளீடுகள், துணைப் பணிகள், சிகிச்சை முறை, தொற்றுத் தடுப்பு, தர நிர்வாகம், விளைவுகள். ஒவ்வொரு துறையின் கீழும் நெறிகள் உள்ளன. ஒவ்வொரு நெறியின் கீழும் அளக்கத்தக்க கூறுகளும், சரிபார்க்க வேண்டிய குறிப்புகளும் உள்ளன.

மதிப்பீட்டாளர் நான்கு வழிகளில் உண்மையை அறிகிறார்: நேரில் காண்கிறார், ஊழியரை வினவுகிறார், பதிவேடுகளைப் படிக்கிறார், நோயாளியிடம் பேசுகிறார். ஒரு குறிப்பு முழுமையாக நிறைவேறியிருந்தால் 2, ஓரளவு நிறைவேறியிருந்தால் 1, நிறைவேறாவிடில் 0 என மதிப்பெண் இடப்படுகிறது. சான்று பெற மொத்தத்தில் குறைந்தது 70 விழுக்காடு பெற வேண்டும். சராசரி மதிப்பெண் ஒரு பெருங்குறையை மறைத்துவிடக் கூடாது என்பதற்காகத் துறைகளுக்கும் தனி நெறிகளுக்கும் வெவ்வேறாகக் குறைந்தபட்ச அளவுகள் விதிக்கப்பட்டுள்ளன.

வரதய்யபாளையம் போன்ற ஊரின் சுகாதார நிலையத்தில் இந்நெறிகள் எவ்வடிவம் பெறும் என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம்.

தடுப்பு மருந்துகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் இருத்தல் வேண்டும். குளிர்பெட்டி இருந்தால் மட்டும் போதாது. நாள்தோறும் காலையும் மாலையும் வெப்பநிலை குறித்து வைக்கப்பட வேண்டும். மின்சாரம் தடைப்பட்டால் மருந்துகளை எங்கு மாற்றுவது என்பது ஊழியர்க்குத் தெரிந்திருக்க வேண்டும். பிரசவத்திற்குப் பின் குருதிப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் ஊசி மருந்தும் குளிரில் காக்கப்பட வேண்டியதே. வெப்பத்தில் கிடந்து வீரியம் குன்றிய மருந்து, பார்வைக்கு நல்ல மருந்து போன்றே இருக்கும். தாயின் உயிர் ஊசலாடும் வேளையில்தான் அதன் குறை வெளிப்படும்.

மருத்துவக் கழிவுகள் தோன்றும் இடத்திலேயே பிரிக்கப்பட வேண்டும். 1998-இல் வகுக்கப்பட்டு 2016-இல் புதுப்பிக்கப்பட்ட விதிகளின்படி, உடற்பகுதிகளும் குருதி தோய்ந்த பஞ்சும் மஞ்சள் நிறப் பையில் சேர வேண்டும். குழாய், கையுறை போன்றவை சிவப்பில். ஊசியும் கத்தியும் துளைபடாத வெள்ளைக் கலத்தில். கண்ணாடிப் பொருள்கள் நீலத்தில். இப்பிரிவினை பிழைத்தால் முதலில் துன்புறுபவர் துப்புரவுத் தொழிலாளரே. ஆகவேதான் மதிப்பீட்டாளர் மருத்துவரை மட்டுமன்றித் துப்புரவுத் தொழிலாளரையும் வினவுகிறார்.

நோயாளியின் உரிமைகள் என்னும் துறையில், கிடைக்கும் சேவைகளும் கட்டண விவரங்களும் மக்கள் அறிந்த மொழியில் எழுதி வைக்கப்பட வேண்டும் என்ற நெறி உள்ளது. எல்லைப்புற ஊர்களில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. தெலுங்கு மட்டும் படிக்கத் தெரிந்தவரும், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவரும், தொழிற்சாலை வேலைக்காகப் பிற மாநிலங்களிலிருந்து வந்தவரும் ஒரே வாயிலில் நுழையக்கூடும். மருந்தை எத்தனை வேளை உண்பது என்பதை நோயாளி விளங்கிக்கொள்ளாவிடில், மருத்துவர் எழுதிய சீட்டு எவ்வளவு சரியானதாயினும் பயன் தாராது. பெண்களைச் சோதிக்குமிடத்தில் திரைச்சீலை இருக்கிறதா என்ற எளிய வினாவும் இத்துறையைச் சார்ந்ததே.

சான்று பெறும் வழி

முதற்கண் நிலையத்தின் ஊழியர்களே தங்கள் பணியை மதிப்பிட்டுக் குறைகளைக் கண்டறிகின்றனர். குறைகள் வகைப்படுத்தப்பட்டு, நிலைய அளவிலேயே தீர்க்கத்தக்கவை, மாவட்டத்தின் உதவி வேண்டுபவை, மாநிலத்தின் நிதி வேண்டுபவை எனப் பிரிக்கப்படுகின்றன. பின்னர் மாநில அளவிலான மதிப்பீடு நடைபெறுகிறது. அதில் தேறிய நிலையத்திற்கே தேசிய அளவிலான வெளி மதிப்பீட்டாளர்கள் வருகின்றனர். சான்று 3 ஆண்டுகளுக்குச் செல்லும். இடைப்பட்ட காலத்தில் மாநிலம் ஆண்டுதோறும் கண்காணிக்கிறது. அண்மைக் காலமாகத் துணை நிலையங்கள் காணொளி வாயிலாகவும் மதிப்பிடப்படுகின்றன.

இதனுடன் இணைந்த வேறு திட்டங்களும் உள்ளன. தூய்மைக்கும் தொற்றுத் தடுப்புக்கும் பரிசளிக்கும் 'காயகல்ப்' திட்டம் 2015-இல் தொடங்கியது. பிரசவ அறையின் தரத்தை உயர்த்தும் 'லக்‌ஷ்யா' திட்டம் 2017-இல் தொடங்கியது. சான்று பெற்ற அரசு நிலையத்திற்கு ஊக்கத்தொகையும் உண்டு. அதன் ஒரு பகுதி நிலையத்தின் மேம்பாட்டிற்கும், மற்றொரு பகுதி ஊழியர்க்கு ஊக்கமளிக்கவும் பயன்படுகிறது.

தனியார் மருத்துவமனைகளைப் பொறுத்தவரை, காப்பீடே இன்று தரத்தின் முக்கியத் தூண்டுகோலாக உள்ளது. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2007-இல் ஆரோக்கியஸ்ரீ திட்டமும், தமிழ்நாட்டில் 2009-இல் முதலமைச்சர் பெயரிலான காப்பீட்டுத் திட்டமும், நாடு முழுமைக்கும் 2018-இல் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் தொடங்கின. ஏழைகளின் சிகிச்சைக்கு அரசு பணம் செலுத்தும்போது, எத்தகைய சிகிச்சைக்குச் செலுத்துகிறோம் என்று கேட்கும் உரிமையும் கடமையும் அரசுக்கு ஏற்படுகின்றன. ஆயுஷ்மான் பாரத் திட்டம், தொடக்க நிலைச் சான்று பெற்ற மருத்துவமனைகளுக்கு 10 விழுக்காடும் முழு அங்கீகாரம் பெற்றவற்றுக்கு 15 விழுக்காடும் கூடுதல் தொகை அளிக்க வகை செய்தது.

எதிர்ப்படும் இடையூறுகள்

தரநெறிகள் பற்றிய குறைபாடுகளையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். முதலாவது, பதிவேடுகளின் சுமை. ஒரே செவிலியர் பிரசவமும் பார்த்து, தடுப்பூசியும் போட்டு, பல பதிவேடுகளையும் நிரப்ப வேண்டிய நிலையில், எழுத்துப் பணி சிகிச்சைக்குரிய நேரத்தை விழுங்கிவிடக்கூடும். அப்போது பதிவேட்டில் உள்ளது ஒன்றாகவும் நடப்பது வேறாகவும் ஆகிவிடும்.

இரண்டாவது, மதிப்பீட்டு நாளுக்கென மட்டும் தூய்மை செய்யும் வழக்கம். புதுச்சுண்ணாம்பு பூசிய சுவர்களும், அன்று மட்டும் முழு எண்ணிக்கையில் வருகை தந்த ஊழியர்களும் மதிப்பீட்டாளரை மயக்கலாம். எனினும் ஊழியரை வினவுதல், நோயாளியிடம் பேசுதல் ஆகிய வழிகள் இம்மயக்கத்தைப் பெரும்பாலும் கலைத்துவிடும். கைகழுவும் முறையை நாள்தோறும் கடைப்பிடிப்பவர் செய்து காட்டுவதற்கும், முந்தைய நாள் மனப்பாடம் செய்தவர் செய்து காட்டுவதற்கும் வேறுபாடு தெரியும்.

மூன்றாவதே தலையாயது. மருத்துவர் பணியிடம் நிரப்பப்படாமலிருக்க, தண்ணீர் வசதி இல்லாதிருக்க, ஊழியரிடம் தரத்தை மட்டும் கோருவது நியாயமாகாது. நிலையத்தின் பொறுப்பு ஒரு பங்காயின், அதற்கு ஆளும் பொருளும் அளிக்க வேண்டிய நிர்வாகத்தின் பொறுப்பு மறுபங்காகும். முறையாக நடைபெறும் மதிப்பீடு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. எந்தக் குறை ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்தது, எது மேலிடத்திலிருந்து வர வேண்டியது வராமையால் நேர்ந்தது என்பது எழுத்தில் பதிவாகிறது. பொறுப்பாளரை அறிய இது உதவுகிறது. குற்றமற்றவர் மீது பழி சுமத்தப்படுவதையும் தவிர்க்கிறது.

மக்கள் பங்கு

தரச் சான்று சுவரில் மாட்டி வைக்கும் அணிகலன் அன்று. சான்று பெற்ற நாளில் இருந்த நிலை அடுத்த ஆண்டிலும் நீடிக்க வேண்டுமாயின், அதைக் கேட்கும் மக்கள் இருக்க வேண்டும். சுகாதார நிலையங்களில் மக்கள் பிரதிநிதிகளும் இடம்பெறும் நோயாளர் நலச் சங்கங்கள் அமைக்கப்பட்டுள்ளன. அச்சங்கத்தின் கூட்டத்தில், "கட்டடத்திற்கு வண்ணம் பூசியாயிற்றா?" என்று கேட்பதோடு நில்லாமல், "சென்ற மாதம் குளிர்பெட்டியின் வெப்பநிலைக் குறிப்பில் விடுபட்ட நாள்கள் எத்தனை? ஆக்சிஜன் உருளையைக் கடைசியாகச் சோதித்தவர் யார்?" என்று உறுப்பினர் கேட்கத் தொடங்கினால், ஆண்டுக்கொரு முறை வரும் மதிப்பீட்டாளரைக் காட்டிலும் அது பெரும் காவலாகும். இவ்வினாக்களைக் கேட்க மருத்துவப் படிப்பு தேவையில்லை.

பெருநகர மருத்துவமனைகள் தரச் சான்றைத் தங்கள் பெருமைக்காகவும் பெறலாம். ஆனால் அதன் பயன் மிகுதியாகத் தேவைப்படுவது, நள்ளிரவில் வேறு எங்கும் செல்ல வழியின்றி அருகிலுள்ள நிலையத்தின் கதவைத் தட்டும் சிற்றூர்க் குடும்பத்திற்கே. திருப்பதியும் சென்னையும் அக்குடும்பத்திற்குப் பல மணி நேரப் பயணமாக இருக்கக்கூடும். அக்கதவு திறக்கும்போது உள்ளே பணிக்குரியவர் இருக்கிறார், மருந்து வீரியத்தோடு இருக்கிறது, கருவி தூய்மையாக இருக்கிறது, ஆக்சிஜன் உருளை நிறைந்திருக்கிறது என்ற உறுதியை அளிப்பதே தரநெறிகளின் முழுப் பயனாகும்.